இந்த முறை தூங்க மாட்டேன்

என்னிடம் பிளவுஸ் தைக்க வருகிற பெண்கள் அளவு கொடுக்க நிற்கும்போது எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். மாசமாக இருக்கிறவர்கள் மட்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மொதல்ல ஆபரேஷனாமே உங்களுக்கு, ரெண்டாவது நார்மலாமே, நெஜமாக்கா?" நிஜம்தான் என்று சொல்லி டேப்பைச் சுருட்டி வைத்துவிடுவேன். மீதியை நின்றுகொண்டே சொல்ல முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பெற்றதைப்போல நீங்களும் பெறுங்கள் என்று சொல்வதற்காக எழுதவில்லை. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். செலவுக் கதையும் இதில் வராது. கடன் வாங்காமல் யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது?

எனக்குப் பிறந்த ஊர் ஒலக்கூர் பக்கம். வாழ்க்கைப்பட்டது விழுப்புரத்தில். வீட்டுக்காரர் ஆரோக்கியம், கொத்தனார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அம்மா என்னைத் திண்டிவனத்தில் ஒரு நர்சிங்ஹோமில் சேர்த்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. பனிக்குடம் உடைந்தபோது தண்ணீரோடு சேர்ந்து தொப்புள்கொடியும் பிள்ளைக்கு முன்னால் இறங்கிவிட்டது. அந்தக் கொடி வழியாகத்தான் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு உயிர்க்காற்று போகிறது. பிள்ளையின் தலைக்கும் தாயின் எலும்புக்கும் நடுவில் அது நசுங்கினால் பிள்ளை திணறிப்போகும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, ஒரு நர்ஸ் உள்ளே கைவிட்டுத் தலையைத் தாங்கிப் பிடித்தபடியே கட்டிலோடு ஓடிவந்ததும், கறுப்பு ரப்பர் மூடி ஒன்றை என் மூக்கின்மேல் வைத்து அழுத்தியதும்தான். ரப்பர் வாசனை வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

மறுநாள் முழுசாகக் கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொட்டில் இல்லை. நான் கேட்பதற்கு முன்பே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொம்பளப் புள்ளடி லூர்து. கொஞ்ச நேரம் இருந்துச்சி. போயிடுச்சி."

"எங்க? காட்டு."

"எடுத்துக்கினு போயிட்டாங்க. நீ பாக்க வாணாம். பாத்தாதான் மனசுல ஒட்டும். பாக்கலன்னா மறந்துடும்."

அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பிறந்து போன பிள்ளையைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே என் பிள்ளை பிறந்து, இறந்து, ஊர் கல்லறைத் தோட்டம் வரை போய், மண்ணுக்குள்ளும் போய்விட்டது. அத்தனை நேரமும் நான் தூங்கியிருக்கிறேன். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஞானஸ்நானம் வாங்காமல் போகிற பிள்ளைகளை எங்கள் ஊரில் மந்திரித்த மண்ணில் வைப்பதில்லை. வேலி ஓரமாக, கள்ளிச்செடிகளுக்குப் பக்கத்தில் குழி எடுப்பார்கள். சிலுவையும் கிடையாது, பெயரும் கிடையாது. என் பிள்ளையும் அங்கேதான் என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நேரம்தானே இருந்தது, சாமியாருக்கு எங்கே ஆளனுப்புவது என்றாள்.

பிறகு பால் கட்டிக்கொண்டது. குடிக்க வாயில்லை என்பது மார்புக்குத் தெரியுமா? கல்லாகக் கனத்துக் காய்ச்சல் வந்தது. அம்மா மல்லிகைப்பூவைப் பந்து பந்தாக மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்ற அதுதான் எங்கள் வீட்டு மருந்து. பூ என் உடம்புச் சூட்டில் வெந்து நாறியது. அன்றிலிருந்து மல்லிகை வாசனை வந்தால் எனக்குக் குமட்டும். கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்காருகிற என்னைப் பார்த்து, லூர்துவுக்கு மண்டைக்கனம் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

அம்மா சொன்னபடி நான் மறக்கவில்லை. பார்த்திருந்தாலாவது ஒரு முகத்தை நினைத்து அழுதிருப்பேன். பார்க்காததால் எல்லா முகமும் அதுவாக இருந்தது. மெஷினில் உட்கார்ந்தால் தெருவில் போகிற குழந்தை ஒவ்வொன்றின் நெற்றியையும் மூக்கையும் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல மத்தியான வெளிச்சத்தில், மெஷின் சத்தத்துக்கு நடுவில், முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிடாமல் நிற்கிற மாதிரி இருக்கும். கூப்பிடுவதற்கு அதற்கும் பேச்சு வராது, எனக்கும் பெயர் தெரியாது. திரும்பினால் துணிமூட்டை இருக்கும். தூக்கம் வரும்போதெல்லாம் ரப்பர் வாசனை அடிக்கும். திடுக்கிட்டு எழுந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன்.

மூன்று வருடம் கழித்து மறுபடியும் தங்கியது. திண்டிவனம் பக்கமே தலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விழுப்புரத்தில் பெரியாஸ்பத்திரியில் பெயர் பதிந்தேன். வாரம் ஒரு நாள் கர்ப்பிணிகள் வரிசை நடைபாதை முழுக்க நீளும். என்னோடு வந்து வரிசையில் இடம் பிடிப்பவள் பிலோமினா, என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு அண்ணி முறை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு ஒருசந்தி இருப்பாள், அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். அதிகம் பேச மாட்டாள். அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், துணிப்பையில் போட்டு எடுத்துவந்து, உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். முதல் பிரசவத்தின்போதும் திண்டிவனத்துக்கு வந்திருந்தாள். அதைப்பற்றி நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நடுவயது. கறாரான ஆள். என் அடிவயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"மறுபடியும் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கவா?"

"வாணாம் டாக்டர். நான் முழிச்சிக்கினு பெக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. காரணம் கேட்டார், சொன்னேன். இப்போதெல்லாம் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வதும் உண்டு, விழித்திருக்கலாம் என்றார். ஆனால் அவசரம் என்று வந்தால் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். முதல் முறை ஆபரேஷன் ஆனவர்களுக்கு அடுத்ததும் ஆபரேஷன்தான் என்று கட்டாயம் இல்லை. முதலில் எதற்காக வெட்டினார்கள், கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதுதான் முக்கியம். எனக்குக் கொடி முன்னால் வந்தது காரணம். அது மறுபடியும் வரவேண்டும் என்றில்லை. இடுப்பு குறுகலாக இருந்து வெட்டியிருந்தால் வேறு கதை. வெட்டு விஷயம் அப்படியல்ல. வெளியே தோலில் தெரிகிற தழும்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் அந்தத் தையல் பெரும்பாலும் வலியைத் தாங்கும். மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

"தாங்கலன்னா?" என்று கேட்டேன்.

"பழைய தையல் உள்ளுக்குள்ள பிரிஞ்சிடும். அபூர்வம்தான். ஆனா பிரிஞ்சா புள்ளைக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து. ஒடனே வயித்தத் தொறக்கணும். கர்ப்பப்பையையே எடுக்கும்படியா ஆகலாம். தெரிஞ்சிக்கினுதான் கேக்கறியா?"

தெரிந்துதான் கேட்டேன். தையல் எங்கே பிரியும், எப்படிப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்புத் தையல் மட்டும் நாம் போட்டது இல்லையே, திருப்பிப் பார்க்கவும் முடியாதே என்பதுதான் பயம்.

ஆரோக்கியம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திண்டிவனம் போய், பழைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவந்தார். குறுக்கு வெட்டுதான். டாக்டரம்மா படித்துவிட்டுத் தலையாட்டினார். "முயற்சி பண்ணலாம். வலி தானா வரணும். சீக்கிரம் வரணும்னு டிரிப்ஸ் ஏத்தி வெரட்ட மாட்டேன். பழைய தையலுக்கு அது ஆகாது. தியேட்டரும் ரத்தமும் ரெடியா இருக்கும். நான் 'போதும்'னா போதும். அப்போ அழுவக் கூடாது." சரி என்றேன். வீட்டுக்காரர் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, ஊசி குத்திய இடத்தைப் பெரிய வீரம்போல எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மாதங்களில் எனக்கும் அண்ணிக்கும் ஒரே சண்டை, பெயரைப் பற்றி. பிள்ளை உயிரோடு பிறந்தால் அந்தோணியார் பெயரை வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தேன். ஆணானால் அந்தோணி, பெண்ணானால் அந்தோணியம்மாள். செவ்வாய் செவ்வாய்க்கு ஒருசந்தி இருக்கிறவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அந்தப் பேரு வாணாம் லூர்து."

"ஏன் வாணாம்?"

"வாணாம்னா வாணாம். எத்தினியோ புனிதருங்க இருக்காங்க."

எத்தனை முறை கேட்டாலும் அதற்குமேல் பேச மாட்டாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். தனக்கு ஒரு பிள்ளை இல்லை என்கிற வயிற்றெரிச்சல் என்றுதான் நினைத்தேன். அப்படியே ஆரோக்கியத்திடமும் சொன்னேன்.

விடிகாலையில் வலி எடுத்தது. ஷேர் ஆட்டோவில் ஆரோக்கியம் ஒரு பக்கமும் அண்ணி ஒரு பக்கமுமாக என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரசவ வார்டுக்குள் கூட ஆள் விட மாட்டார்கள். டாக்டரம்மா எனக்கு மட்டும் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்தார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, வார்டு வாசலைப் பார்த்ததுமே வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அதனால் அண்ணி உள்ளே வந்தாள்.

"நல்லா கேட்டுக்க," என்று டாக்டரம்மா அண்ணியிடம் சொன்னார். "வலி விட்டு விட்டு வரும். விட்ட நேரத்துல வயிறு தளரணும். விட்ட நேரத்துலயும் தையல் கிட்ட வலிச்சிக்கினே இருந்தா, இவ சொல்லாட்டியும் நீ சொல்லணும். பொறுத்துக்கினு கெடக்கறது இங்க பெருமை இல்ல."

காலை முழுக்க நடந்தேன். சிஸ்டர் அடிக்கடி வந்து வயிற்றில் குழல் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். அவர் கேட்டு முடிக்கும்வரை நான் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது சுருங்காமல் இருந்தால் மூச்சு விடுவேன். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்த ஒருத்தி தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. அண்ணி ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் அவளிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே பூவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கும் மல்லிகைக்கும் உள்ள பகை அண்ணிக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மத்தியானத்துக்குமேல் வலி நெருங்கியது. ஒரு வலி போய், அடுத்தது வருவதற்குள், அடிவயிற்றில் தையல் இருந்த இடத்தில் ஒரு எரிச்சல் நின்றுகொண்டே இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். ரப்பர் வாசனை அடித்தது. அங்கே ரப்பர் எதுவும் இல்லை, இருந்தும் அடித்தது. முதுகுக்குப் பின்னால் அந்த நிற்கிற ஆள் வந்து நின்றதும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் என் கை தானாகப் போய்த் தழும்பை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணி அதைப் பார்த்துவிட்டாள்.

"சிஸ்டர், தையல் கிட்ட கை வச்சிக்கினு இருக்கா. டாக்டரம்மாவைக் கூப்புடுங்க, ஜல்தி."

அந்த நிமிஷம் அவளைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. டாக்டரம்மா வந்து தழும்பின்மேல் அழுத்திப் பார்த்தார். குழலை வாங்கி அவரே கேட்டார். துடிப்பு இறங்கி, தயங்கி, பிறகு ஏறியது. அவர் புருவம் சுருங்கியது. தியேட்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனார். ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளுவண்டிச் சக்கரத்தின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தூங்க வச்சிடுவாங்க அண்ணி. எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. இதுவும் போற மாதிரி இருந்தா, நீயே தண்ணி ஊத்திடு. வேலி ஓரத்துல போட உட்ராத. அந்தோணின்னு பேர் சொல்லி ஊத்திடு."

எங்கள் சபையில் சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பெயரைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று ஊற்ற வேண்டும். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் எல்லாருக்கும் சொல்லித்தந்ததுதான்.

அண்ணி என்னையே பார்த்தாள். அவள் உதடு கோணியது.

"அந்தப் பேரு குடுத்தாச்சி லூர்து," என்றாள். "மூத்ததுக்குக் குடுத்தாச்சி."

எனக்குப் புரியவில்லை. அவள் குனிந்து என் காதோரம் சொன்னாள். திண்டிவனத்தில் என் அம்மா மயங்கி பெஞ்சில் கிடந்தாளாம். ஆரோக்கியம் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாராம். ஆயா பச்சைத் துணியில் சுற்றிய பிள்ளையை அண்ணியின் கையில் கொடுத்து, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, நிற்காது என்று சொன்னாளாம்.

"செவ்வாக்கெழம. எனக்கு வேற எந்தப் பேரும் வாயில வரல. துணியப் பிரிச்சிப் பாக்காமயே அந்தோணிராஜுன்னு சொல்லி ஊத்திட்டேன். அதுக்கப்புறம்தான் ஆயா சொன்னா, பொம்பளப் புள்ளன்னு. பொம்பளப் புள்ளைக்கு ஆம்பளப் பேரச் சொல்லிட்டேன். அது செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியல. யார்கிட்ட கேக்கறது? உங்கம்மா வேலி ஓரம்னு சொன்னப்ப வாயே தொறக்கல நான்."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்கு என் தோளைத் தூக்கினார்கள். நான் அவள் கையை விடவில்லை.

"எந்தத் தண்ணி?"

"ஹார்லிக்ஸுக்கு பிளாஸ்க்குல வச்சிருந்தேனே, அந்தத் தண்ணி. வேற எதுவும் கைக்குக் கெடைக்கல. கொதிக்கக் கொதிக்க இருந்துச்சி. மூடியில ஊத்தி, ஊதி ஊதி ஆத்திட்டுத்தான் ஊத்துனேன். சுடல லூர்து. அதுக்குச் சுடல. என் வெரல விட்டுப் பாத்துக்கினுதான் ஊத்துனேன்."

"யாரு ஜாடை?"

"உன் ஜாடைதான். நெத்தி மட்டும் எங்க தம்பி."

எனக்கு அழுகை வந்ததா வலி வந்ததா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக இறங்கியது. அடியில் பெரிதாக ஏதோ முட்டியது. நான் கத்தியதைக் கேட்டு, டாக்டரம்மா கழுவிய கையோடு திரும்பி வந்து பார்த்தார்.

"ஸ்ட்ரெச்சரை நிறுத்து," என்றார். "தலை வந்துடுச்சி. தியேட்டருக்குப் போற நேரத்துல இங்கயே எடுத்துடலாம். லூர்து, முக்கும்மா."

முக்கினேன். தலை இறங்கி அழுத்துகிறபோதும் துடிப்பு அப்படித் தயங்குவது உண்டு என்று பிறகு சொன்னார்கள். அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆயுதம் வைத்துத்தான் எடுத்தார் டாக்டரம்மா. பெரிய கரண்டி இரண்டைக் கோத்த மாதிரி ஒரு இடுக்கி அது. கண்ணைக் கூட மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கறுத்த முடி தெரிந்தது. பிறகு நெற்றி, கசங்கிய மூக்கு, கோபமான வாய். அந்த வாய் திறந்து வார்டே அதிரக் கத்தியது. பெண் பிள்ளை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தப்போக்கு இருக்கிறதா, நாடி எப்படி என்று அன்று பொழுது சாயும்வரை என்னைவிட்டு நகராமல் பார்த்தார்கள். தையல் பிரியவில்லை. பிறகு ஏன் அங்கே எரிந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிள்ளையை என் மார்பில் வைத்தார்கள். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பார்க்காத இன்னொரு முகத்தையும் பார்த்தேன். என் ஜாடை, ஆரோக்கியத்தின் நெற்றி. அன்றைக்குத்தான் மூத்தவளுக்காக முழுசாக அழுதேன். பால் குடித்துக்கொண்டிருந்த சின்னவளின் தலையெல்லாம் நனைந்துபோனது. அண்ணி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உடம்பு தேறியதும் பங்குச் சாமியாரிடம் போனோம். அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டாள். நான்தான் சொன்னேன். சாமியார் முழுசாகக் கேட்டார். "தண்ணி ஊத்துனதும் செல்லும், சொன்ன வார்த்தையும் செல்லும். பேரு ஒரு தப்பே இல்லம்மா," என்றார். அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர் கல்லறைத் தோட்டத்துக்குச் சாமியார் வந்து வேலி ஓரத்து மண்ணை மந்திரித்தார். கள்ளியை வெட்டிவிட்டு ஆரோக்கியமே சிமெண்டில் சிலுவை வைத்தார். அதில் அந்தோணிராஜ் என்றுதான் எழுதியிருக்கிறது. அம்மா, அந்தோணியம்மாள் என்று மாற்றி எழுதச் சொன்னாள். நான் விடவில்லை. மூத்தவள் காதால் கேட்டுவிட்டுப் போன பெயர் அது ஒன்றுதான்.

முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது இப்போதும் நின்றபாடில்லை. மத்தியானத்தில், மெஷின் ஓடும்போது வரும். இப்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை. "அந்தோணி, உள்ள வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பேன். தைக்கக் கொடுக்க வந்தவர்கள் யாரைக் கூப்பிடுகிறேன் என்று சுற்றிப் பார்ப்பார்கள்.

சின்னவளுக்கு ரோஸ்லின் என்று பெயர். கோவிலில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஞானத்தாயாக நின்று பிள்ளையை ஏந்தியவள் பிலோமினா அண்ணிதான். சாமியார் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு, பிள்ளையின் தலைக்குமேல் கொண்டுவந்தார். அண்ணி சட்டென்று குனிந்து அந்தத் தண்ணீரை ஊதினாள்.

"பச்சத் தண்ணிதாம்மா," என்றார் சாமியார்.

"தெரியும் சாமி," என்று சொல்லிவிட்டு அண்ணி இன்னொரு முறை ஊதினாள்.